பிரட்டுக் களம் விளையாட்டுத் திடல் ஆகுமா?

மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் மடுவத்து வாசல் காலியாகும். பிள்ளைகளுக்கு அதுதான் மைதானம். இரத்தினபுரி மாவட்டத்தின் நிவித்திகலைப் பக்கத்துத் தோட்டங்களில் சரிவெல்லாம் தேயிலையும் றப்பரும். சமதரை கொஞ்சம்தான், அதுவும் பிரட்டுக் களமாகவோ கோயில் வாசலாகவோ இருக்கும். பிரதேச சபை ஒரு திடல் போட்டுத் தரக்கூடாதா? கேள்வி எளிது. பதில் சட்டம், குத்தகை, மண் ஆகிய மூன்றையும் தாண்டி வரவேண்டும்.

சட்டம் இடம் தருகிறதா?

இப்போது தருகிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு கிராமங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதனால் சபைப் பணம் தோட்டத்து எல்லையோடு நின்றுவிட்டது. தோட்ட மக்கள் வாக்களித்து உறுப்பினரை அனுப்பினார்கள். அந்த உறுப்பினரால் லயத்துப் பாதையைக்கூடத் திருத்த முடியவில்லை. 2018இல் வந்த திருத்தம் தோட்டக் குடியிருப்புகளுக்கும் பொது வசதி செய்து கொடுக்க வழி திறந்தது.

நிலம் யாருடையது?

1970களின் நிலச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. நிலம் நீண்ட காலக் குத்தகையில் இருக்கிறது. ஆகவே சபை காசு ஒதுக்கினாலும், கம்பனியின் சம்மதம் எழுத்தில் வேண்டும். துரை தலையாட்டினால் போதாது, துரைமார் மாறுவார்கள்.

மண் தாங்குமா?

இரத்தினபுரி மண்சரிவு மாவட்டம். மண் சரிந்த 2003, 2017 மே மாதங்களை இங்கே யாரும் மறக்கவில்லை. மலையை வெட்டி மைதானம் போடுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைக் கேட்பது அவசியம். பெரிய மைதானம்தான் வேண்டுமென்றும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் 1947இலிருந்து கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக், சந்து மூலைகளிலும் வெற்று மனைகளிலும் மணல்தொட்டி, கம்பி வளைவு, தாண்டுகல் வைத்து 700க்கு மேற்பட்ட சிறு விளையாட்டிடங்களை நகராட்சிக்காக அமைத்தார். லயத்துக்கு ஒரு சிறு இடம் என்ற கணக்கு நம் சரிவுகளுக்கும் பொருந்தும்.

சுவர் ஓவியம் எதற்கு?

திடல் கேட்கும்போதே அதைச் சுற்றியுள்ள சுவர்களுக்கு ஓவியமும் கேட்கலாம். 2019 நவம்பரில் இலங்கை முழுக்க இளைஞர்கள் மதில்களுக்கு வண்ணம் பூசினார்கள். அந்த ஓவியங்களில் அரசர்களும் வீரர்களும் நிறைய வந்தார்கள். கொழுந்துக் கூடையையும் பால்வெட்டுக் கத்தியையும் தேடத்தான் வேண்டியிருந்தது. சென்னையின் மீள்குடியேற்றப் பகுதியான கண்ணகி நகரில் 2020இல் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய முகங்கள் வரையப்பட்டன. ஊர்ப் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டவர்களின் இடத்தை வெளியார் வந்து பார்த்தார்கள்.

ஆனால் தோட்டத்துப் பொதுக்கலை சுவரில் மட்டும் இல்லை. மாசியில் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து ஆடும் பொட்டல்தான் ஊரின் முதல் அரங்கு. திட்டம் போடுகிறவர் அதை வெற்றிடம் என்று நினைத்துக் கொங்கிறீட் கொட்டினால், அடுத்த மாசியில் கம்பம் ஊன்ற மண் இருக்காது. எனவே வரைபடம் கீறுமுன், தப்புக்காரரிடமும் பிள்ளை மடுவத்து ஆயாவிடமும் கேட்கவேண்டும்: எந்த இடம் எந்த நேரத்தில் யாருக்குத் தேவை?

எப்போது கேட்பது?

சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கும். அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் டிசம்பருக்குள் நிறைவேறவேண்டும். ஜனவரியில் கொடுக்கும் மனுவுக்கு ஒரு வருடம் காத்திருக்க நேரும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை மனுவை வாங்க உறுப்பினரே இல்லை. இப்போது வட்டாரத்துக்கு ஆள் இருக்கிறார். கம்பனியின் சம்மதக் கடிதம், இடத்தின் அளவு, சரிவு பற்றிய அறிக்கை மூன்றையும் இணைத்து, செப்டெம்பர், ஒக்டோபரில் அவர் கையில் கொடுப்பதே கெட்டிக்காரத்தனம்.

மனுவில் ஒரு வரி விடுபடக்கூடாது: பராமரிப்பு. திறப்புவிழாவுக்கு நாடா வெட்டப் பலர் வருவார்கள். இரத்தினபுரி மழையில் ஊஞ்சல் சங்கிலி துருப்பிடிக்கும்போது யார் மாற்றுவது, எந்தக் கணக்கிலிருந்து என்பதை அன்றைக்கே எழுதி வாங்கவேண்டும்.