அடித்தளத்தில் ஒரு புனித வெள்ளி

காப்ஸ்யூலை விழுங்கிய சற்று நேரத்திலேயே சிலருக்கு முகம் சிவந்தது, தோல் குறுகுறுத்தது. மருந்து தமக்குத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். அவர்கள் விழுங்கியதோ நியாசின் என்ற வைட்டமின்.

1962 ஏப்ரல் 20. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் தேவாலயம். மேலே புனித வெள்ளி ஆராதனையை நடத்தியவர், இந்தியா வந்து 1936-ல் காந்தியைச் சந்தித்த ஹோவர்ட் தர்மன். அவரது பிரசங்கம் ஒலிபெருக்கி வழியாகக் கீழ்த்தளச் சிற்றாலயத்துக்கும் கேட்டது. அங்கே 20 இறையியல் மாணவர்கள். பத்துப் பேருக்கு நியாசின், மற்ற பத்துப் பேருக்கு 30 மில்லிகிராம் சைலோசைபின். கொடைக்கானலில் 'போதைக் காளான்' என்று போலீசார் பிடிக்கிறார்களே, அதில் இருக்கும் அதே பொருள்தான். மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் போய் ஒட்டும் இடங்களில் இது ஒட்டிக்கொள்கிறது. அப்போது 'நான்' என்ற வரம்பு தளர்ந்துபோகும்.

யாருக்கு எது என்ற ரகசியம் வெகுநேரம் தாங்கவில்லை. சிலர் ஒழுங்காக உட்கார்ந்து பிரசங்கம் கேட்க, சிலர் பெஞ்சில் படுத்துவிட்டார்கள், சிலர் எழுந்து உலவினார்கள். சைலோசைபின் எடுத்தவர்களில் பெரும்பாலோர், காலமும் இடமும் கரைந்து எல்லாம் ஒன்றான நிலையைச் சொன்னார்கள். சமய நூல்கள் பேசுகிற அனுபவத்துக்கு அது வெகு அருகில் இருந்தது. ஆய்வை நடத்திய வால்டர் பான்கே, மருத்துவரும் போதகருமானவர். அவர் வேண்டுமென்றே வழிபாட்டையும் பக்தியுள்ள மனங்களையும் தேர்ந்தெடுத்திருந்தார். மருந்து எவ்வளவு, அந்த நாளும் அந்தக் குரலும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்தச் சோதனையால் முடியாது. என்னைக் கேட்டால், பிரித்துப் பார்ப்பதே தவறு.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ரிக் டாப்ளின் என்ற ஆய்வாளர் அந்த மாணவர்களைத் தேடிப் பிடித்தார். சைலோசைபின் எடுத்தவர்களில் அவர் பேட்டி கண்ட ஏழு பேரும், அன்று கண்டது உண்மையான இறையனுபவமே என்றார்கள். 1991-ல் வெளியான அவரது கட்டுரை இன்னொன்றையும் சொன்னது. அன்று ஒரு மாணவர் மேசியாவின் செய்தியை அறிவிக்கப் போகிறேன் என்று தெருவுக்கு ஓடியிருக்கிறார். பிடித்து இழுத்துவந்து, மனத்தை அடக்கும் ஊசி போட வேண்டியிருந்தது. பான்கே தம் ஆய்வேட்டில் அந்த ஊசியைப் பற்றி எழுதவில்லை. அந்த மாணவருக்கு இழைத்த அநீதி அது. அவர் பட்டதும் அந்த அனுபவத்தின் ஒரு பகுதிதான்.

2006-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு சைலோசைபின் இறையனுபவத்தைத் தருமா என்ற கேள்வியை 36 பேரிடம் மீண்டும் ஆராய்ந்தது. மூன்றில் இருவர், அந்த அனுபவம் தம் வாழ்வின் மிகப் பொருள்பொதிந்த ஐந்து நிகழ்வுகளில் ஒன்று என்றனர். ஏறக்குறைய மூன்றில் ஒருவரைக் கடும் அச்சம் பிடித்தது. இந்த முறை அதையும் எழுதினார்கள்.