பரிசல் ஏறுறதுக்கு முன்னாடி: பதினாறு பசங்க, ஒரு காவிரி, ரெண்டு தடவை மாத்தின பிளான்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறேன்.)

போன எபிசோட்ல, எங்க ஊர் படிப்பகத்துப் பசங்களைக் காவிரிக்குக் கூட்டிட்டுப் போனேன்னு போற போக்குல சொன்னேன். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "நாங்களும் ஒரு குரூப்பா போகணும், எப்படி பிளான் பண்றது?" அதனால இன்னைக்கு முழுக்க அதுதான். நான் எங்கெங்க சொதப்பினேன்னும் சேர்த்தே சொல்றேன்.

எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி பக்கம். வேலை பெங்களூர்ல, கோட் எழுதுறது. மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு ஊருக்குப் போய் படிப்பகத்துல பசங்களோட உக்காருவேன். எல்லாரும் பதினாலு வயசுலேர்ந்து பதினெட்டு வரைக்கும். யூடியூப்ல யாரோ கனடாவுல கனூ படகுல ஏரி ஏரியா போய், மீன் பிடிச்சு, கரையில கூடாரம் போட்டுத் தூங்குறதைப் பார்த்துட்டு, "அண்ணா, நம்மகிட்ட காவிரியே இருக்கே" அப்படின்னாங்க. நியாயமான பேச்சுதான்.

அன்னைக்கு ராத்திரியே ஸ்ப்ரெட்ஷீட் திறந்துட்டேன். காத்தடிக்கிற ரப்பர் படகு ஆன்லைன்ல வாங்குறது, ஒகேனக்கல் அருவிக்குக் கீழே இறங்குறது, ரெண்டு நாள் துடுப்புப் போட்டு மேட்டூர் அணைத் தண்ணி வரைக்கும் போறது, நடுவுல ஒரு ராத்திரி கரையில தூக்கம். கலர் கலரா செல், அழகா இருந்துச்சு.

பெற்றோர்கிட்ட கையெழுத்து வாங்கப் போனப்ப ஒரு அம்மா அந்தப் பேப்பரைத் திருப்பிக்கூடப் பாக்கல. "தம்பி, தண்ணியில ரெண்டு பேர் ஒரே நேரத்துல விழுந்தா நீ யாரைப் பிடிப்ப?"னு கேட்டாங்க.

என்கிட்ட பதில் இல்ல. பேப்பரை மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு வந்துட்டேன்.

அடுத்த வாரம் ஒகேனக்கல் போய், முப்பது வருஷமா பரிசல் ஓட்டுற ஒரு பெரியவர்கிட்ட என் பிளானைச் சொன்னேன். அவர் சிரிக்கல. மூணே கேள்வி கேட்டார். மேல எவ்ளோ தண்ணி விட்டிருக்காங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்குவ? கரை யாரோட கரைன்னு தெரியுமா? பசங்களுக்கு நீச்சல் தெரியும்னு யார் சொன்னது? என்னோட முதல் பிளான் இந்த மூணு கேள்வியிலயே செத்துப்போச்சு. ரெண்டாவது பிளான் இதுங்களுக்குப் பதில் தேடினதுல பொறந்ததுதான்.

முதல்ல தண்ணி. ஒகேனக்கல்ல ஓடுற காவிரி, அங்க பெய்யுற மழையை மட்டும் நம்பி ஓடுற ஆறு இல்ல. மேல கர்நாடகாவுல கிருஷ்ணராஜ சாகர், கபினின்னு ரெண்டு பெரிய அணை. ஒகேனக்கல்ல வெயில் கொளுத்திட்டு இருக்கும்போதே, குடகுலயும் வயநாட்டுலயும் பெஞ்ச மழைக்கு அங்க மதகு திறப்பாங்க. அந்தத் தண்ணி உடனே வந்து சேராது, வழியில நேரம் எடுக்கும். நமக்குக் கிடைக்கிற எச்சரிக்கை அந்த இடைவெளிதான். தமிழ்நாட்டு எல்லைக்குள்ள நுழையுற இடத்துல, பிலிகுண்டுலுவுல, மத்திய நீர்வள ஆணையத்தோட அளவீட்டு நிலையம் இருக்கு. 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு வருஷம் 177.25 டிஎம்சின்னு தீர்ப்பு சொன்னுச்சே, அதையும் இந்த பிலிகுண்டுலுவுலதான் அளக்கணும். செய்தியில "நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி"ன்னு சொல்றது இந்தக் கணக்கு.

கன அடின்னா நம்ம மண்டையில எதுவும் ஓடாது, இல்லையா? நொடிக்கு ஒரு கன அடின்னா சுமார் 28 லிட்டர். 8,000 கன அடின்னா நொடிக்கு 226 டன் தண்ணி. ஒரு யானை நாலு டன்னுன்னு வச்சா, நீங்க கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள அம்பது யானைக்கு மேல உங்களைத் தாண்டிப் போகுது. கோடையில இதே ஆறு சில நூறு கன அடிக்கு இறங்கிடும். 2018 ஆகஸ்ட்லயும் 2022 ஆகஸ்ட்லயும் 2 லட்சத்தைத் தாண்டுச்சு. ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினா 8.64 டிஎம்சி. மேட்டூர் அணையோட மொத்தக் கொள்ளளவே 93.47 டிஎம்சிதான். அதாவது காலி அணையை பதினோரு நாள்ல நிரப்பிடும்.

இன்னொரு விஷயம், இதை +2 இயற்பியல்ல படிச்சிருப்போம், ஆனா ஆத்துல நிக்கும்போது மறந்துடும். தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா, அது உங்க கால்ல தள்ளுற விசை நாலு மடங்காகும். "நேத்து முட்டியளவு தண்ணியில நின்னோமே, இன்னைக்கும் முட்டியளவுதானே"ன்னு இறங்குறவங்க மாட்டிக்கிறது இங்கதான்.

அதனால ஒரு விதி எழுதினோம். கிளம்புறதுக்கு மூணு நாள் முன்னாடியிலேர்ந்து காலை, மாலை நீர்வரத்தைக் குறிச்சுக்கணும். ஏறுமுகமா இருந்தா டிரிப் ரத்து. நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டா, பேச்சே இல்ல. இந்த விதியை ஆத்தங்கரையில நின்னு யோசிக்கக் கூடாது, வீட்டுலயே பேப்பர்ல எழுதிடணும். அங்க போயிட்டா பதினாறு பசங்களோட முகம் முன்னாடி நிக்கும், வேன் வாடகை கொடுத்திருப்போம், மனசு தானா "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்ல ஆரம்பிச்சுடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோட் ரிலீஸ் பண்ணின யாருக்கும் இந்த மனசு நல்லாவே தெரியும்.

அந்த விதியை உடனே பயன்படுத்த வேண்டி வந்துச்சு. அக்டோபர்ல தேதி குறிச்சிருந்தோம். புதன்கிழமை நல்லா இருந்த அளவு வியாழன் ஏறுச்சு, வெள்ளிக்கிழமை காலையில பரிசலுக்குத் தடை. ரத்துன்னு சொன்னதும் ரெண்டு பசங்க ஒரு வாரம் என்கூடப் பேசல. கடைசியா ஜனவரியிலதான் போனோம். வடகிழக்குப் பருவமழை முடிஞ்சிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. யோசிச்சா, முதல்லயே ஜனவரின்னு வச்சிருக்கணும்.

அடுத்து கரை. ஆத்துல எங்க வேணா படகை ஒதுக்கிக் கூடாரம் போடலாம்னு நான் நினைச்சது சுத்த முட்டாள்தனம். ஒகேனக்கல்லுக்கு எதிர்க்கரை கர்நாடகா. இந்தப் பக்கம், தர்மபுரி - கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகள்ல 2014-ல காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிச்சாங்க, 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பர்ல காவிரி தெற்கு, இன்னும் 686 சதுர கிலோமீட்டர். யானை, முதலை, நீர்நாய், லீத் மெல்லோட்டு ஆமை எல்லாம் இருக்குற இடம். 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம நுழையறதே குற்றம். இதுல தூண்டில் போடுறது, ராத்திரி தங்குறதெல்லாம் நினைச்சே பாக்க முடியாது. சட்டத்தை விடுங்க. ராத்திரி யானை தண்ணிக்கு வர்ற பாதையில பதினாறு பசங்களைப் படுக்க வைக்கிற தைரியம் எனக்குக் கிடையாது. அதனால ராத்திரித் தங்கல் பென்னாகரத்துல ஒரு மண்டபத்துக்கு மாறுச்சு. பசங்க முகம் தொங்கிப்போச்சு, உண்மைதான்.

இங்க மீனைப் பத்தி ஒரு சின்னக் கிளைக்கதை. காவிரிக்குன்னே ஒரு மீன் இருக்கு, திமில் மகசீர். உலகத்துல இருக்குற மகசீர்லயே பெருசுல ஒண்ணு. 1946-ல காவிரியோட கிளை ஆறான கபினியில தூண்டில்ல பிடிச்ச ஒரு மகசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. கர்நாடகப் பக்கம் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்களின்னு முகாம்கள் இருந்துச்சு. வெளிநாட்டுக்காரங்க வந்து பரிசல்ல போய் பிடிச்சு, எடை போட்டு, திரும்ப விடுவாங்க. இரை என்ன தெரியுமா? கேழ்வரகு உருண்டை! நம்ம களிதான். இவ்ளோ பேமஸான மீனுக்கு அறிவியல் பேரே உறுதியாகாம இருந்துச்சு. 2018-லதான் அது *டார் ரெமாதேவி*ங்கிற இனம்னு ஆராய்ச்சியாளர்கள் நிறுவினாங்க. அதே வருஷம் 'மிக அருகிய இனம்'ங்கிற பட்டியலுக்கும் போயிடுச்சு. அணைகள் ஒரு காரணம், வெடி வச்சு மீன் பிடிக்கிறது ஒரு காரணம். இதுல கொடுமையானது மூணாவது. மகசீரைக் காப்பாத்துறோம்னு லோனாவாலாவுல பொரிச்ச நீலத் துடுப்பு மகசீர் குஞ்சுகளை 1970-களிலேர்ந்து காவிரியில கொண்டுவந்து விட்டாங்க. வந்தது பெருகுச்சு, இருந்தது குறைஞ்சுபோச்சு. இதைப் பசங்ககிட்ட சொன்ன அப்புறம் "பெரிய மீன் பிடிக்கணும்"ங்கிற பேச்சு தானா அடங்கிடுச்சு.

மூணாவது கேள்வி நீச்சல். பதினாறு பேர்ல பதினாலு பேர் கை தூக்கினாங்க. நம்ம பக்கம் எல்லாரும் கிணத்துல முதுகுல கேனைக் கட்டிக்கிட்டுக் கத்துக்கிட்டவங்கதானே. அதே கிணத்துக்குக் கூட்டிட்டுப் போய், பேன்ட் சட்டையோட இறங்கி, படியைப் பிடிக்காம அஞ்சு நிமிஷம் மிதங்கன்னு சொன்னேன். ஆறு பேர்தான் தேறினாங்க. கிணத்துல தண்ணி உங்களை எங்கயும் கொண்டு போகாது, நாலடி தள்ளினா சுவர். ஆத்துல சுவர் கிடையாது. டெஸ்ட் முடிஞ்சு எல்லாரும் போன அப்புறம் ஒரு பையன் மட்டும் நின்னான். "அண்ணா, எனக்குச் சுத்தமா வராது. சொன்னா விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு கை தூக்கினேன்." அவன் இறங்கவே இல்ல, கூட்டத்துக்குப் பின்னாடியே நின்னிருக்கான், நான் கவனிக்கல. இப்படி ஒரு டிரிப் போறீங்கன்னா தயவுசெஞ்சு முதல்லயே சொல்லிடுங்க: நீச்சல் தெரியாதவங்களையும் கூட்டிட்டுப் போவோம்னு. அப்பதான் உண்மை வெளிய வரும்.

லைஃப் ஜாக்கெட் போட்டா போதாதான்னு கேப்பீங்க. போடாம விட்டா என்ன ஆகும்னு 2024 ஜனவரியில வதோதரா ஹர்ணி ஏரியில பார்த்தோம். பள்ளிச் சுற்றுலா, அளவுக்கு மேல ஏத்தின படகு. 12 பிள்ளைங்களும் 2 ஆசிரியைகளும் போயிட்டாங்க. போட்டா மட்டும் எல்லாம் சரியாகிடாதுங்கிறதுக்கு கனடாவுல ஒரு கதை இருக்கு. 1978 ஜூன், திமிஸ்கமிங் ஏரி. ஒரு ஆண்கள் பள்ளியோட கனூ பயணம், 31 பேர், 4 கனூ, முதல் நாளே. காத்துல ஒரு கனூ கவிழுது, உதவப் போன மத்ததும் கவிழுது. லைஃப் ஜாக்கெட் இருந்தும் 12 பசங்களும் ஒரு ஆசிரியரும் குளிர்ந்த தண்ணியில இறந்தாங்க. நம்ம தண்ணி அவ்ளோ குளிராது. ஆனா ஒருத்தரைக் காப்பாத்த எல்லாரும் பாயுறது இங்கயும் அதேதான்.

அந்த அம்மாவோட கேள்விக்கு என் பதில் அங்கதான் கிடைச்சுது. ரெண்டு பேர் விழுந்தா நான் யாரையும் பிடிக்கக் கூடாது. குதிக்கவும் கூடாது. கயிறு வீசணும். அம்பது அடி நைலான் கயிறு, நுனியில கொஞ்சம் தண்ணி ஊத்தி மூடின ரெண்டு லிட்டர் பாட்டில். காலியா இருந்தா காத்துல திரும்பி வந்துடும். படிப்பகத்து வாசல்ல பதினாறு பேரும் ரெண்டு வாரம் வீசிப் பழகினாங்க. விழுந்தவங்களுக்கும் ஒரு பாடம்: மல்லாந்து, கால் ரெண்டையும் போற திசையில நீட்டி மிதக்கணும். எழுந்து நிக்கவே கூடாது. பாறை இடுக்குல கால் சிக்கினா, பின்னாலேர்ந்து வர்ற தண்ணி ஆளை மடக்கி உள்ள அமுக்கிடும். ஒகேனக்கல் பூரா பாறை இடுக்குதான்.

இதெல்லாம் தாண்டி, பசங்க துடுப்புப் போடுற ஆசையையும் விட்டோம். பரிசல் வட்டமா, அடி தட்டையா இருக்குறதால ரொம்பக் கொஞ்சம் தண்ணியிலயும் பாறை மேல தட்டாம போகும். ஆனா நேரா போக அதுக்கு முனையே கிடையாது. தெரியாத கையில கொடுத்தா நின்ன இடத்துலயே சுத்தும். அதைப் பிடிச்சு நிறுத்துறதுக்கே வருஷக்கணக்கா பழகணும். அனுமதி பெற்ற பரிசல்காரங்க, டிக்கெட் கொடுக்குற துறை, பரிசலுக்கு நாலு பேர், நீச்சல் வராதவன் பக்கத்துல நல்லா வர்றவன். நான் அந்தப் பெரியவரோட பரிசல்ல. ஆட்டம் இல்லாத இடத்துல அவர் அஞ்சு நிமிஷம் துடுப்பைப் பசங்ககிட்ட கொடுத்தார். சுத்தினாங்க, சுத்தினாங்க, சுத்திக்கிட்டே இருந்தாங்க.

ஊர்ல ஒரு ஆள்கிட்ட எங்க நேர அட்டவணை இருந்துச்சு. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள என் போன் வரலைன்னா அவர் யாருக்கும் காத்திருக்காம 112-க்குக் கூப்பிடணும். பள்ளத்தாக்குல சிக்னலை நம்ப முடியாது, அதனால இந்த ஏற்பாடு.

மத்தியானம் நாகமரை. மேட்டூர் அணைத் தண்ணி தேங்கி நிக்கிற பக்கம், எதிர்க்கரை சேலம் மாவட்டப் பண்ணவாடி. 1934-ல அணை கட்டி முடிச்சப்ப முழுகின ஊர்களோட கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தண்ணி வத்தினா அங்க தலை காட்டும். நாங்க போனப்ப தண்ணி நிறைய, ஒண்ணும் தெரியல. அங்க உரிமம் வச்சு மீன் பிடிக்கிற ஒருத்தரை முன்னாடியே பேசி வச்சிருந்தோம். அவர் சொன்ன இடத்துல, கரையிலேர்ந்து மட்டும் தூண்டில். மூங்கில் கழி, நரம்பு, தக்கை, முள். கெளுத்தி மாட்டினா கையால பிடிக்காதீங்கன்னு அவர் மூணு தடவை சொன்னார். நாலாவது தடவை சொல்றதுக்குள்ள ஒருத்தன் பிடிச்சுட்டான். துடுப்பு முள் குத்தி, கையை வெந்நீர்ல வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் அழுதான். டிரிப்ல நடந்த ஒரே காயம் அது.

மொத்தம் பதினோரு ஜிலேபி மீன், அந்த ஒரு கெளுத்தி. மீன்காரர் வீட்டுலயே குழம்பு வச்சாங்க, களி கிண்டினாங்க. நீச்சல் வராத பையன் மூணு மீன் பிடிச்சிருந்தான், கூட்டத்துலயே அதிகம். இரைக்குன்னு கொண்டு போன கேழ்வரகு உருண்டையில பாதியைக் காணோம். அதை யார் தின்னதுன்னு இன்னும் யாரும் ஒத்துக்கல.