இரவில் காணும் நகரம்

நுழையும்முன்

பகலில் நாள்தோறும் கடந்து செல்லும் கோபுரம் ஒன்று, இரவில் விளக்கொளியில் புதிதாகத் தோன்றுவதுண்டு. நினைவுச்சின்னங்களை இரவில் வழிகாட்டியுடன் சென்று காணும் வழக்கம் இன்று உலகின் பல நகரங்களில் வேரூன்றியுள்ளது. ஒளி எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது, அந்த ஒளியை ஏந்திய கைகள் யாருடையவை என்னும் வினாக்களை இப்பாடம் எழுப்புகிறது.

முதுகுன்றத்தில் ஒரு மாலை

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ள நகரம் விருத்தாசலம். 'விருத்தம்' என்பதற்குப் பழமை என்றும் 'அசலம்' என்பதற்கு மலை என்றும் பொருள். திருமுதுகுன்றம் என்பதே இவ்வூரின் பழந்தமிழ்ப் பெயர். தேவார மூவராலும் பாடப்பெற்ற பழமலைநாதர் கோயில் இந்நகரின் நடுவே உயர்ந்து நிற்கிறது. சோழப் பேரரசி செம்பியன் மாதேவியின் திருப்பணி பெற்ற கோயில் இது. கோபுரம், திருச்சுற்று, கொடிமரம், நந்தி, தீர்த்தம் என இங்குப் பலவும் ஐந்து ஐந்தாக அமைந்திருப்பதை ஊரார் பெருமையுடன் எண்ணிக் காட்டுவர்.

இந்நகருக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. அது பீங்கான். நெய்வேலிப் பகுதியில் கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலுக்கு மூலப்பொருளாகிறது. களிமண்ணுடன் படிகக்கல், களிமக்கல் ஆகியவற்றின் தூளைக் கலந்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, மெருகுப் பூச்சிட்டு, உலையில் ஆயிரம் பாகைக்கும் மிகுதியான வெப்பத்தில் சுடுகின்றனர். பொம்மைகளும் அகல்விளக்குகளும் மின்சாரப் பெட்டிகளில் பொருத்தப்படும் வெண்ணிற ஃபியூஸ் கட்டைகளும் இவ்வாறு உருப்பெறுகின்றன. பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால் மின்னொளியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த அது துணைசெய்கிறது.

ஆகவே, கோயில் மாடத்தில் எரியும் சுடரானாலும் கோபுரத்தின்மீது பாயும் மின்விளக்கானாலும், ஒளியின் பின்னே மண்ணைப் பிசைந்து நெருப்பில் சுட்ட தொழிலாளர் ஒருவரின் உழைப்பு இருக்கக்கூடும். இரவில் நினைவுச்சின்னங்களைக் காணச் செல்வோர் இதனை மனத்தில் இருத்த வேண்டும்.

இலக்கியம் காட்டும் இரவு உலா

நகரத்தை இரவில் சுற்றிக் காட்டும் கலை தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் மிக நீண்டது மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய இந்நூல் 782 அடிகளை உடையது. பகலில் நாளங்காடியையும் மாலைக்குப்பின் அல்லங்காடியையும் காட்டும் புலவர், யாமம் யாமமாக நகரின் இரவை விரித்துரைக்கிறார். கடைகள் அடைக்கப்படுகின்றன, அடையும் மோதகமும் விற்போர் தம் பண்டங்களோடு உறங்குகின்றனர், நூலேணியுடன் திரியும் கள்வரைத் தேடி ஊர்க்காவலர் மழையிலும் தெருக்களைச் சுற்றி வருகின்றனர். இறுதியில் பொழுது புலர்கிறது. மன்னனைப் பாடவந்த பாட்டில் பண்டம் விற்போருக்கும் காவலருக்கும் இடம் கிடைத்திருப்பது கருதத்தக்கது.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையோ விளக்குகளைக் கொண்டே புகார்க் கடற்கரையைக் காட்டுகிறது. வண்ணமும் சாந்தும் மலரும் விற்போர் விளக்கு, கம்மியர் விளக்கு, பிட்டும் அப்பமும் விற்போர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, பரதவர் திமில்களின் விளக்கு, வேற்றுமொழி பேசும் அயல்நாட்டார் விளக்கு, பண்டசாலைக் காவலர் விளக்கு, கப்பலுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கு என அவை வரிசையாக ஒளிர்கின்றன. மணலில் வீழ்ந்த வெண்சிறுகடுகும் கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு அங்கே வெளிச்சம் நிறைந்திருந்தது என்கிறார் இளங்கோவடிகள். ஒவ்வொரு விளக்கையும் அதற்குரிய மனிதரின் பெயரால் அவர் குறிப்பது எண்ணத்தக்கது. ஒளியைச் சொல்லும்போதே அதனை ஏற்றியவரையும் சொல்லிவிடுகிறார். இரவு உலா ஒன்றை நடத்தும் வழிகாட்டிக்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டியதில்லை.

கண்ணும் கல்லும்

இரவுக் காட்சி பகல் காட்சியினின்று வேறுபடுவதற்கு அறிவியல் காரணங்கள் உள்ளன. நம் விழித்திரையில் கூம்புச் செல்கள், கோல் செல்கள் என இருவகை ஒளியுணர் செல்கள் இருக்கின்றன. கூம்புச் செல்கள் நல்ல வெளிச்சத்தில் நிறங்களைப் பிரித்தறிய உதவுகின்றன. கோல் செல்கள் மங்கிய ஒளியில் செயல்படுகின்றன. ஆனால் அவை நிறத்தைப் பிரித்தறிவதில்லை. ஒளிமிக்க இடத்திலிருந்து இருளுக்குள் நுழைந்தபின் கண் நன்கு பழகுவதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் தேவைப்படும். இடையில் ஒருமுறை கைப்பேசியின் திரையைப் பார்த்தாலும் அப்பழக்கம் கலைந்துவிடும். ஆதலால், தேர்ந்த வழிகாட்டி முதலில் கைப்பேசிகளை அணைக்கச் சொல்லிச் சற்று நேரம் அமைதியாக நிற்க வைப்பார்.

கல்லிலும் மாற்றம் நிகழ்கிறது. உச்சி வெயில் மேலிருந்து விழும்போது சுவரில் உள்ள மெல்லிய புடைப்புகளின் நிழல் சுருங்கிவிடுகிறது. பக்கவாட்டில் சாய்வாக ஒளியைப் பாய்ச்சினால், விரற்கடை ஆழமே உள்ள கோடும் நிழல் பெற்று எழுந்து நிற்கும். தேய்ந்த கல்வெட்டுகளைப் படிக்க முயலும் ஆய்வாளர்கள் இம்முறையைக் கையாள்கின்றனர். பகலில் வெறுஞ்சுவராகத் தோன்றிய இடத்தில் இரவில் எழுத்துகள் தென்படுவது இதனால்தான்.

எனினும், விளக்கு ஒரு பகுதியைக் காட்டும்போது மற்றொரு பகுதியை மேலும் இருளாக்குகிறது. சூரியன் அனைத்தின்மீதும் ஒளிவீசுகிறது. விளக்கோ, அதனை வைத்தவர் காட்ட விரும்பியதையே காட்டுகிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே இரவுக் காட்சியை முழுமையாகக் காண்பவர் ஆவார்.

கதை சொல்லும் ஒளி

நினைவுச்சின்னங்களின்மீது ஒளியைப் பாய்ச்சி, இசையுடனும் குரலுடனும் வரலாற்றைக் கூறும் 'ஒலி ஒளிக் காட்சி' 1952ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் சாம்போர் அரண்மனையில் தோன்றியது. பின்னர் இது பல நாடுகளுக்கும் பரவியது. தமிழ்நாட்டில் மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையில் நடைபெறும் காட்சி புகழ்பெற்றது. அரண்மனையின் திறந்த முற்றத்தில் அமர்ந்து, சிலப்பதிகாரக் கதையையும் நாயக்கர் வரலாற்றையும் பார்வையாளர்கள் காண்கின்றனர்.

அவ்வரண்மனை 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. செங்கல்லாலும் சுண்ணச்சாந்தாலும் எழுப்பப்பட்ட பெருந்தூண்கள் வண்ண ஒளியில் மிளிர்வதைக் கண்டு வியக்காதவர் இலர். ஆனால், இன்று எஞ்சியிருப்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதியே. ஏனைய பகுதிகள் காலப்போக்கில் அழிந்துவிட்டன. இருப்பதன்மீது மட்டுமே விளக்கு விழும். இல்லாததை எடுத்துரைக்க ஒரு வழிகாட்டியின் சொல் வேண்டும்.

அந்தமானிலுள்ள செல்லுலார் சிறையின் ஒலி ஒளிக் காட்சியில், சிறை வளாகத்தில் நின்ற அரசமரம் ஒன்று கதை சொல்வதாக அமைத்துள்ளனர். வென்றவரின் குரலிலோ ஆண்டவரின் குரலிலோ கூறாமல், அனைத்தையும் கண்டு நின்ற மரத்தின் குரலில் கைதிகளின் துன்பம் உரைக்கப்படுகிறது. யாருடைய குரலில் வரலாறு சொல்லப்படுகிறது என்பது, எங்கே விளக்கு வைக்கப்படுகிறது என்பதைப் போலவே இன்றியமையாதது.

ஒளியின் அளவு

இரவுக் காட்சிக்கு விளக்குகள் மிகுதியாக வேண்டும் என்பதில்லை. ஆக்ராவில் தாஜ்மகாலை இரவில் காணும் வாய்ப்பு, பாதுகாப்புக் காரணங்களால் 1984இல் நிறுத்தப்பட்டு, 2004இல் மீண்டும் வழங்கப்பட்டது. முழுநிலவு நாளிலும் அதற்கு முன்னும் பின்னுமாக இரண்டிரண்டு நாள்களிலும், வெள்ளிக்கிழமையும் ரமலான் மாதமும் நீங்கலாக, மக்கள் அனுமதிக்கப்படுகின்றனர். ஐம்பது பேர் கொண்ட எட்டுக் குழுக்கள் அரைமணி நேரம் வீதம் நின்று காணலாம். அங்கே நிலவே விளக்கு.

அளவுக்கு மீறிய செயற்கை ஒளி கேடு விளைவிப்பதும் உண்டு. அது பூச்சிகளை ஈர்க்கிறது; கோபுர மாடங்களில் வாழும் வௌவால், ஆந்தை போன்ற உயிர்களின் வாழ்வைக் குலைக்கிறது; பழைய ஓவியங்களின் நிறத்தை வெளிறச் செய்கிறது. பழமையான சுவரில் துளையிட்டு விளக்குப் பொருத்தினால் அச்சுவர் சிதைகிறது. காட்டுவதற்காக ஏற்றும் விளக்கு, காட்ட வேண்டிய பொருளையே அழித்துவிடக் கூடாது.

தெரிந்து தெளிவோம்

உரோம் நகரின் கொலோசியம் அரங்கில் பண்டைக்காலத்தில் மனிதர்கள் பொதுமக்கள் முன்னிலையில் கொல்லப்பட்டனர். இன்றோ, உலகில் ஒருவரின் மரண தண்டனை குறைக்கப்படும்போதும், ஒரு நாடு மரண தண்டனையை ஒழிக்கும்போதும் அவ்வரங்கைப் பொன்னிற ஒளியால் அணிசெய்யும் வழக்கம் உள்ளது.

விளக்கை ஏந்திய கைகள்

தமிழகக் கோயில்களின் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் கொடைகளுள் ஒன்று நந்தாவிளக்குக் கொடை. 'நந்தா' என்பதற்கு 'அணையாத' என்று பொருள். தஞ்சைப் பெரியகோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் வழங்கப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மூத்தவை இறந்தாலும் கன்றும் குட்டியும் பிறந்து எண்ணிக்கை குறையாது எனக் கருதி, இத்தகைய ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' எனக் கல்வெட்டுகள் குறித்தன.

இக்கணக்கு நமக்கு ஓர் உண்மையைத் தெரிவிக்கிறது. கருவறையில் எரிந்த ஒரு சுடரின் பின்னே, வெயிலிலும் மழையிலும் ஆடு மேய்த்த குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாக நெய் அளந்திருக்கிறது. கொடையளித்தவர் பெயர் கல்லில் பெரிதாக நிற்கிறது. நெய் அளந்த மகளிரின் பெயரையும், அகலை வனைந்த குயவரின் பெயரையும் நாம் அரிதாகவே காண்கிறோம்.

விருத்தாசலத்தில் மாணவர்கள் ஒருநாள் மாலை மரபு நடை மேற்கொள்வதாகக் கொள்வோம். மணிமுத்தாற்றங்கரையில் தொடங்கி, கோயில் மதிலைச் சுற்றி, கோபுர வாயிலைக் கண்டு, தரைமட்டத்திற்குக் கீழே படியிறங்கிச் சென்று காணவேண்டிய ஆழத்துப் பிள்ளையார் திருமுன்னில் நிற்கலாம். செம்பியன் மாதேவியின் திருப்பணியை ஆசிரியர் எடுத்துரைக்கலாம். அங்கேயே அந்நடை முடிந்துவிடக் கூடாது. பீங்கான் உலைகள் எரியும் பகுதியையும் அது தொடவேண்டும். அச்சில் வார்ப்பவரும் மெருகிடுபவரும் உலையின் வெம்மையைக் கண்காணிப்பவரும் தம் தொழிலைத் தம் வாயால் கூறவேண்டும். அக்கூட்டத்தில் நிற்கும் மாணவர் ஒருவர், தம் தாயின் கைத்தொழிலும் இந்நகர் வரலாற்றின் ஒரு பகுதி என்பதை அன்று முதன்முறையாக உணரக்கூடும். வரலாறு என்பது மன்னர்களுடையது, தம் வீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்னும் எண்ணம் அந்த இரவில் நீங்குமாயின், அந்நடை பயனுடையதாகும்.

பகலில் காணும்போது நகரம் முழுவதும் நம் கண்முன் விரிந்திருக்கிறது. இரவில் ஒளி காட்டியதையே காண்கிறோம். ஆகவே இரவில் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு: இந்த விளக்கை ஏற்றியவர் யார்? இதன் ஒளி எட்டாத இடத்தில் இருப்பவர் யார்? இவ்வினாக்களுடன் நடப்பவருக்கு, நன்கறிந்த ஊரும் புதிய ஊராகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் பழமையான கட்டடம் ஒன்றைப் பகலிலும், பெரியவர் துணையுடன் மாலையிலும் கண்டு, இரு காட்சிகளுக்கும் உள்ள வேறுபாடுகளைத் தொகுத்து எழுதுக.

2. கடலாடு காதையில் இடம்பெறும் விளக்குகளைப் போன்று, உங்கள் ஊர்க் கடைத்தெருவில் இரவில் எரியும் விளக்குகளை அவற்றுக்குரிய தொழிலோடு பட்டியலிடுக.

3. 'விளக்கு, அதனை வைத்தவர் காட்ட விரும்பியதையே காட்டுகிறது' – இக்கூற்று குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.