நெம்புகோல் நாற்காலி

மருத்துவமனையின் வழவழப்பான தரையில் உருளும் சக்கர நாற்காலியைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் இறக்கினால் என்னவாகும்? முன்னுள்ள சிறு சக்கரங்கள் மழைச் சேற்றில் புதைந்துகொள்ளும். மேடு வந்தால் பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டும். கால் வழங்காதவர் கடைக்குப் போவதும் வேலைக்குப் போவதும் பிறர் தயவில்தான்.

இதே தொல்லையை 2005-ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் நேரில் ஆராய்ந்தவர் ஏமஸ் விண்டர். அப்போது அவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர். கையால் மிதிக்கும் மூன்று சக்கர வண்டிகள் அங்கே இருந்தன. தொலைதூரத்திற்கு அவை நல்லவை, வீட்டுக்குள் நுழையாது. இரண்டிற்கும் உதவும் நாற்காலியை அவரும் சக மாணவர்களும் வடிவமைக்க முற்பட்டனர்.

அதன் நுட்பம் எளிது. இருக்கையின் இருபுறமும் இரண்டு நெம்புகோல்கள் நிற்கும். அவற்றை முன்னே தள்ளினால், சைக்கிளில் உள்ளதைப் போன்ற செயின் பெரிய சக்கரங்களைச் சுழற்றும். மடிப்பக்கம் முழுவதும் இழுத்தால் பிரேக் பிடிக்கும். கியர் மாற்றுவதற்குத் தனிக் கருவி கிடையாது, கைதான் கியர். கடப்பாரையின் நுனியைப் பிடித்து நெம்பினால் பாறாங்கல் அசைகிறதல்லவா? அதுபோலக் கோலின் உச்சியைப் பிடித்துத் தள்ளினால் மேடு ஏறும் வலு கிடைக்கும். ஆனால் கை அதிக தூரம் போய்வர வேண்டும். சமதரையில் கோலைத் தாழ்த்திப் பிடித்தால், சிறு வீச்சிலேயே வண்டி வேகமாக ஓடும். முன்னே நீட்டிய ஒற்றைச் சக்கரம் வண்டியைக் குப்புறக் கவிழாமல் காக்கும். ஓடும் பாகங்களெல்லாம் சைக்கிள் பாகங்கள். கெட்டால் சைக்கிள் கடைக்காரரே பழுது பார்ப்பார். இதுவே எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

முதல் வண்டிகளைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் பயன்படுத்தியவர்கள் தயங்காமல் குறை சொன்னார்கள்: வெளியே நன்றாக ஓடுகிறது, வீட்டுக்குள்ளோ அகலமும் கனமும் அதிகம். மாணவர்கள் சுமார் 9 கிலோ எடையைக் குறைத்து, அகலத்தையும் சாதாரண நாற்காலியின் அளவுக்குச் சுருக்கிக் குவாத்தமாலாவில் மீண்டும் சோதித்தனர். பிறகு இந்தியாவில், ஜெய்ப்பூர் செயற்கைக் காலுக்குப் பெயர்பெற்ற அமைப்புடன் சேர்ந்து சோதித்தனர்.

அம்மாணவர்களில் சிலர் பின்னர் கிரிட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, அமெரிக்காவிலும் அவ்வகை நாற்காலியை விற்கலாயினர். அது பார்வைக்கு நோயாளியின் வண்டியாக அன்றி, மலைப்பாதைச் சைக்கிளாகவே தோன்றும். வீடு திரும்பியதும் கோல்களைக் கழற்றிச் சட்டத்திலேயே செருகிவிட்டு, சக்கரங்களைக் கையால் உருட்டிக்கொண்டு உள்ளே போகலாம்.