லவுண்டஸ் கவுண்டி விடுதலை அமைப்பு

லவுண்டஸ் கவுண்டி விடுதலை அமைப்பு என்பது ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள லவுண்டஸ் கவுண்டி எனும் நாட்டுப்புற நிர்வாகப் பிரிவில் 1960களில் இயங்கிய அரசியல் கட்சியாகும். இங்கு வாழ்ந்தோரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். எனினும் 1965 தொடக்கத்தில் அவர்களுள் ஒருவர்கூட வாக்காளராகப் பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை. அவ்வாண்டின் வாக்குரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து உள்ளூரைச் சேர்ந்த ஜான் ஹியூலெட், மாணவர் இயக்கத்தைச் சேர்ந்த ஸ்டோக்லி கார்மைக்கேல் முதலியோர் இக்கட்சியை உருவாக்கினர். வாக்காளராகப் பதிந்த குத்தகை உழவர் பலர் நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கூடாரங்களில் வாழ நேர்ந்தது.

எழுத்தறியாதோருக்காக வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னங்கள் அச்சிடப்பட்டன. மாநில ஜனநாயகக் கட்சியின் வெள்ளைச் சேவலுக்கு எதிராக இக்கட்சி கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தெடுத்தது. 1966 நவம்பரில் போட்டியிட்ட எழுவரும் தோல்வியுற்றனர். 1970 இல் ஹியூலெட் கவுண்டியின் முதல் கறுப்பின ஷெரிப் ஆனார். 1966 இல் ஓக்லாந்தில் தொடங்கிய கருஞ்சிறுத்தைக் கட்சியின் பெயரும் சின்னமும் இங்கிருந்து பெறப்பட்டவையாகும்.