மின்காரும் பெற்றோற் காரும்

மின்சாரத்தால் ஓடும் கார் நம் காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் பலர். உண்மை வேறு. மணிக்கு நூறு கிலோமீற்றர் என்னும் வேகத்தை முதன்முதலிற் கடந்த மோட்டார் வண்டி, 1899 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் பிரான்சு தேசத்திலே கமீல் செனற்சி என்னும் பெல்சியர் ஓட்டிய மின்வண்டியேயாகும். அந்நாளிற் பெற்றோல் வண்டியைக் கிளப்புவதற்கு ஒருவர் முன்னே நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றவேண்டும். இயந்திரம் எதிருதைப்பு உதைத்துக் கைமுறிந்தோரும் உளர். 1912 ஆம் ஆண்டிற் கடிலாக் கார்களில் மின்தொடக்கி பொருத்தப்பட்டபின் இத்தொல்லை நீங்கிற்று. பெற்றோற் காரை எவரும் கிளப்பலாம் என்ற நிலைமையை உண்டாக்கி மின்காரைச் சந்தையினின்றும் அகற்றுவதற்கு ஒரு சிறு மின்மோட்டாரே துணைபுரிந்தது வேடிக்கையன்றோ!

ஒரு நூற்றாண்டின்பின் அப்பழைய போட்டி மீண்டும் தலைதூக்கியுள்ளது. நம் நாட்டில் 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்புருவரியிலேயே தனியார் கார்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஓய்வூதியக் கொடையையோ, கடல்கடந்து வாழும் பிள்ளை அனுப்பிய பணத்தையோ முதலிட்டுக் கார் வாங்க எண்ணும் குடும்பத்தார்க்கு, எவ்வகைக் காரை வாங்குவது என்பது விளையாட்டான வினாவன்று. பலருக்கு அது வாழ்நாளில் ஒருமுறையே செய்யும் செலவு. ஆதலின், விற்பனையாளர் கூறுவனவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, இரண்டும் இயங்கும் முறையை ஆராய்வோம்.

முதலில் ஓட்டத்தின் திறனை நோக்குவோம். பெற்றோல் இயந்திரம் நின்றநிலையில் யாதொரு விசையையும் தரமாட்டாது. உருளைக்குள் எரிபொருளும் காற்றும் வெடித்து ஆடுதண்டைத் தள்ளவேண்டுமாயின், நிமிடத்துக்கு எழுநூறு அல்லது எண்ணூறு முறையேனும் அது முன்னரே சுழன்றுகொண்டிருத்தல் வேண்டும். கிளச்சும் கியர்ப்பெட்டியும் தோன்றியது இக்குறையை மறைப்பதற்கே. மின்மோட்டாரோ அசையாது நிற்கும் கணத்திலேயே தன் முழு முறுக்கத்தையும் தரவல்லது. 2010 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த நிசான் லீவ் காரின் மோட்டார் 280 நியூற்றன் மீற்றர் முறுக்கத்தைத் தொடக்கத்திலேயே தந்தது. ஒன்றரை இலீற்றர்ப் பெற்றோல் இயந்திரமொன்று, நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்களை அணுகியபின்னரே 140 நியூற்றன் மீற்றரைத் தரும். இதனைக் கொண்டு மின்கார் இருமடங்கு வலிமையுடையது என்று முடிவுகட்டுதல் தவறாகும். பெற்றோற் காரின் முதற் கியர் அதன் முறுக்கத்தைப் பன்மடங்கு பெருக்கிச் சில்லுகளுக்கு அனுப்புகின்றது. உண்மையான வேறுபாடு தாமதமின்மையும் இடையறவின்மையுமாம். கியர் மாற்றும்போது ஏற்படும் சிறு நிறுத்தம் மின்காரில் இல்லை. சந்தியில் வண்டி வழுக்கிச் செல்வதுபோற் புறப்படும். ஆயினும் பழைய லீவ் பூச்சியத்திலிருந்து நூறு கிலோமீற்றர் வேகத்தை எய்த பதினொரு செக்கனுக்கு மேல் எடுத்தது. சாதாரண பெற்றோற் காரும் அவ்வளவே எடுக்கும். மூன்று செக்கனுக்குள் அவ்வேகத்தை எட்டும் மின்கார்கள் இன்று உள்ளன. நம் ஊர்த் தெருக்களில் அவற்றால் ஆவது யாது என்பதை வாசகரே சொல்லட்டும்.

வேகம் மிகமிக நிலைமை மாறும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதனால், நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் மின்காரின் மின்கலவடுக்கு கண்முன்னே வற்றும். பெற்றோல் இயந்திரமோ சந்திதோறும் நின்றுநின்று செல்லும் நகர ஓட்டத்தில் எரிபொருளை வீணாக்கி, ஒரே சீரான நெடும்பயணத்திற் சிக்கனமடையும். நகரத்தில் மின்காருக்குள்ள சிக்கனத்துக்கு இன்னொரு காரணமுமுண்டு. இரவிற் சைக்கிள் ஓட்டியவர்கள், டைனமோவை ரயரோடு சேர்த்தவுடன் மிதி கனப்பதை அறிவர். அக்கனமே ஒளியாக மாறுகின்றது. மின்காரின் மோட்டாரும் வேகம் தணியும்போது டைனமோவாக மாறி, பிறேக்கிற் சூடாகிக் கழிந்துபோகும் சத்தியின் ஒரு பங்கை மீண்டும் மின்கலத்துக்குள் அனுப்புகின்றது. பிறேக்குக் கட்டைகள் நெடுங்காலம் தேயாதிருப்பதும் இதனாலேயே.

இனிச் சத்தியைச் சேமித்து வைப்பதில் உள்ள வேறுபாட்டுக்கு வருவோம். மின்காரின் பலவீனம் முழுவதும் இங்கேதான் இருக்கின்றது. ஓர் இலீற்றர்ப் பெற்றோலில் ஏறத்தாழ ஒன்பது கிலோவாற்று மணி, அதாவது ஒன்பது அலகு சத்தி அடங்கியுள்ளது. நாற்பது இலீற்றர்த் தாங்கியில் 360 அலகு. முதலாவது லீவ் காரில் முந்நூறு கிலோகிராம் அளவினதாய மின்கலவடுக்கு கொண்டதோ 24 அலகே! பதினைந்து மடங்கு வேறுபாடு. ஆனாற் பெற்றோலின் சத்தியில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கே சில்லுகளைச் சேரும். மிகுதி கதிர்த்தி வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாய் வெளியேறும். மின்கலத்திலுள்ள சத்தியிலோ எண்பத்தைந்து பங்குக்குக் குறையாமற் பயன்படும். இதனாற் பதினைந்து மடங்கு வேறுபாடு, தெருவில் நான்கு மடங்களவாகக் குறைகின்றது.

சத்தியை நிரப்பும் வேகத்தில் உள்ள வேறுபாடு இன்னும் பெரிது. பெற்றோல் பம்பி நிமிடத்துக்கு முப்பது இலீற்றர் ஊற்றுமாயின், அந்த இரப்பர்க் குழாய் வழியே பாயும் சத்தியின் வீதம் 16,000 கிலோவாற்றுக்கு மேற்பட்டது. வீட்டுச் சுவரிலுள்ள மும்முனைச் செருகியினாற் பெறக்கூடியது இரண்டு அல்லது மூன்று கிலோவாற்று மாத்திரமே. ஆகவே மின்காரை இரவு முழுதும் கட்டிவைத்துத் தீனியிடல் வேண்டும். வீட்டு வளவிலே கார் நிறுத்துவோர்க்கு இது குறையன்று; உறங்கும் வேளையில் அது தானே நிரம்பும். மாடிக் குடியிருப்பில் வாழ்ந்து காரைத் தெருவோரம் நிறுத்துபவர்க்கோ பெருந்துன்பம்.

இதனினும் முக்கியமானது மின்கலவடுக்கின் ஆயுள். பெற்றோற் காரின் தாங்கி இருபது ஆண்டு சென்றாலும் நாற்பது இலீற்றரே கொள்ளும். இலிதியக் கலங்களின் கொள்ளளவோ ஆண்டுதோறும் சுருங்குகின்றது. வெப்பம் அதனை விரைவுபடுத்துகின்றது. முதலாவது லீவ் காரின் கலங்களைக் குளிர்விக்க நீர்மச்சுற்று எதுவும் அமைக்கப்படவில்லை. 2012 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் அக்கார்கள் எதிர்பார்த்ததற்கு முன் கொள்ளளவை இழந்தமை வெளிப்பட்டது. மழையும் பனியும் உள்ள நாடுகளில் அவை நன்றாகவே உழைத்தன. ஆண்டு முழுதும் வெயில் காயும் நம் நாட்டுக்கு, யப்பானிற் பாவித்த இவ்வகைக் கார்கள் பெருந்தொகையாக வந்து சேர்ந்தன என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் வந்த கார்கள் பலவற்றில் நீர்மக் குளிர்விப்பு உண்டு. சீனத்திலிருந்து வரும் பலவற்றில் இலிதிய இரும்புப் பொசுபேற்றுக் கலங்கள் உள்ளன. இவை பருமனிற் சற்றுப் பெரியனவாயினும் நீண்ட ஆயுளுடையன, எளிதில் தீப்பற்றாதன.

பராமரிப்பைப் பற்றிச் சில சொற்கள் போதும். மின்காருக்கு எஞ்சின் ஓயில் இல்லை, பிளக் இல்லை, சைலென்சர் இல்லை. ரயர் மாத்திரம், பாரத்தினாற் சற்று விரைவிலே தேயும். பொன்னட் மூடியைத் திறந்து மூலைக் கராச்சு மெக்கானிக்கு கைவைக்கலாகாது. மின்கலவடுக்கின் அழுத்தம் 360 வோற்றளவினது, உயிரைப் போக்கவல்லது. பெற்றோற் காரைத் திருத்துவதற்கு ஊர்தோறும் ஆளுண்டு என்பது சிறிய அனுகூலமன்று.

எரிபொருள் கிடையாத காலத்தில் எந்தக் கார் உதவும் என்னும் வினாவை யாழ்ப்பாணத்தாரிடம் கேட்பதே பொருத்தமுடையது. 1990 இன் பின்னர்ப் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதானபோது, ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே காபரேற்றரிற் சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அவ்வியந்திரங்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்னும் அளவிற் குறைவாயிருந்தமையே இதனை இயலச்செய்தது. பிளக்கிற் கரி படிந்தது, தெருவெங்கும் வெண்புகை சூழ்ந்தது. ஆயினும் நோயாளர் ஆசுபத்திரியை அடைந்தனர். இன்றைய பெற்றோற் கார் கணினியால் ஆளப்படுவது. அதற்கு மண்ணெண்ணெயை ஊற்றினால் உடனே முடங்கும். மின்சாரமே இல்லாதிருந்த அந்நாளில் மின்கார் எதற்கும் உதவியிராது என்பதும் உண்மையே.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடி இன்னொரு பாடம். பெற்றோலுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அதே ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டும் இருந்தது. எஞ்சிய பதினொரு மணிநேரத்திற் பழைய லீவ் ஒன்றை ஓரளவு நிரப்ப முடியும். ஆதலின் அவ்வாண்டில் மின்கார் வைத்திருந்தோர் அயலாரைவிட நன்றாகவே நடமாடினர் எனலாம். கூரையிற் சூரியப் படலம் பொருத்தியோர், பகலிற் காரை வீட்டில் நிறுத்தக்கூடியவராயின், அவர் நிலைமை இன்னும் மேல். பெற்றோலை வீட்டுக் கூரையில் விளைவிக்க எவராலும் இயலாது.

செலவுக் கணக்கை ஒவ்வொருவரும் தம் பற்றுச்சீட்டைக் கொண்டே போடலாம். நூறு கிலோமீற்றருக்குச் சிறு பெற்றோற் கார் ஏழு இலீற்றர் கொள்ளுமாயின், அவ்வளவினதான மின்கார் பதினேழு அலகு கொள்ளும். எனவே ஓர் இலீற்றர்ப் பெற்றோலின் விலையை இரண்டரை அலகு மின்சாரத்தின் விலையோடு ஒப்பிடுக. ஆனால் மின்கட்டணம் படிப்படியாக உயரும் முறையில் அறவிடப்படுவதை மறத்தலாகாது. மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடினால் 170 அலகு கூடும். அவ்வலகுகள் முழுவதும் வீட்டின் உயர்ந்த படியிலேயே சேரும். பற்றுச்சீட்டின் சராசரி விலையை அன்றி, இறுதிப் படியின் விலையையே கணக்கில் எடுத்தல் வேண்டும்.

என் கருத்தில், குடாநாட்டுக்குள் ஆசிரியத்தொழிலுக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருபவர்க்கு மின்காரே ஏற்றது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போய்த் திரும்ப எழுபது கிலோமீற்றரும் ஆகாது, நிலமும் சமதரை. மாதம் இருமுறை நானூறு கிலோமீற்றர் ஓடிக் கொழும்புக்குச் செல்பவர், சிறிய மின்கலவடுக்குடைய பழைய மின்காரை நாடாதிருத்தல் நன்று.

பழைய லீவ் வாங்க விழைவோர்க்கு ஒரு குறிப்பு. அதன் முகப்பிலே கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு சிறு கோடுகள் உண்டு. அவற்றுள் ஒன்று மறைந்திருந்தாற் பன்னிரண்டில் ஒரு பங்குதான் போயிற்று என எண்ணலாகாது. முதற்கோடு மறைவது ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைந்த பின்னரே. அக்கோடுகளை மீளமைத்து ஏமாற்றுதலும் இயலும். ஆகவே முழுதாக நிரப்பிய காரை, குளிரூட்டியையும் இயக்கியபடி, நாற்பது கிலோமீற்றர் ஓட்டிப் பார்த்து, எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதைக் கண்டபின்னரே விலை பேசுக.