தொடக்ககால மலையாள அச்சும் எழுத்துச் சான்றும்

மலையாள ஒலியமைப்பின் வரலாற்றை ஆராய்வோர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல்களை முதன்மைச் சான்றுகளாகக் கொள்வர். ஓலைச்சுவடி படியெடுப்போர் கையில் திரியும். அச்சுப்படிகள் தம்முள் ஒத்திருக்கும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். ஆயினும் அச்சில் நாம் காண்பது முழுவதும் மொழியின் வடிவமன்று. அதில் ஒரு பகுதி, அச்சகத்தில் எவ்வெழுத்துகள் வார்க்கப்பட்டிருந்தன என்பதன் விளைவேயாகும்.

கேரள மண்ணில் அச்சுத்தொழில் மலையாளத்தில் தொடங்கவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் நூல். 1679இல் அம்பழக்காட்டில் வெளிவந்த புரோயன்சாவின் அகராதி தமிழ்ச் சொற்களுக்குப் போர்த்துக்கீசியத்தில் பொருள் கூறுவது. ஐரோப்பியர் 'மலபார்' என்னும் பெயரைத் தமிழுக்கும் மலையாளத்திற்கும் ஒருங்கே வழங்கினர். எனவே பழைய நூற்பட்டியல்களில் இப்பெயரைக் காணும்போது எம்மொழி சுட்டப்படுகிறது என்பதை நூலைப் பார்த்தே துணிதல் வேண்டும்.

மலையாள எழுத்தோ முதலில் கடல்கடந்தே அச்சேறியது. 1678 முதல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' தொகுதிகளில் செடிப்பெயர்கள் மலையாள எழுத்திலும் உள்ளன. அவை செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டவை. கையெழுத்தின் படிமங்களே அன்றி அச்செழுத்துகள் அல்ல. தனித்தனியே வார்த்த எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட முதல் மலையாள நூல் 1772இல் உரோமில் வெளியான 'சம்க்ஷேபவேதார்த்தம்'. டிரம்மண்டின் இலக்கணம் 1799இலும், சிரியாக் மொழியிலிருந்து பெயர்க்கப்பட்ட நற்செய்தி நூல்கள் 1811இலும் பம்பாயில் அச்சாயின. இவையெல்லாம் மலையாளம் வழங்காத ஊர்கள். மெய்ப்புத் திருத்தத்தில் மலையாளிகளின் கண் எந்த அளவு பட்டிருக்கும் என்பது ஐயத்திற்குரியதே.

1821இல் கோட்டயத்தில் சி.எம்.எஸ். அச்சகத்தை நிறுவிய பெஞ்சமின் பெய்லிக்கு மதராசிலிருந்து வந்த எழுத்துகள் நிறைவளிக்கவில்லை. எழுத்து வார்க்கும் தொழிலை நேரில் கண்டறியாத அவர், உள்ளூர்த் தச்சர், பொற்கொல்லர் ஆகியோரின் துணைகொண்டு தாமே எழுத்துகளை உருவாக்கினார். 1824இல் சிறுவர் கதைநூலும் 1829இல் புதிய ஏற்பாடும் வெளிவந்தன. இன்றும் மலையாள அச்சில் காணும் உருண்டை வடிவத்திற்கு அவர் வார்த்த எழுத்துகளே முன்னோடி. கூட்டெழுத்துகளும், மெய்யோடு இணைந்து வடிவம் மாறும் உகர ஊகாரங்களும் நிறைந்த எழுத்து முறை அது. ஒவ்வொரு புதிய வடிவத்திற்கும் தனி வார்ப்பு வேண்டும். எனவே புதுக்குறி ஒன்றைச் சேர்ப்பது எளிய செயலன்று.

இங்குதான் மொழியியலார் கருத வேண்டிய செய்தி உள்ளது. மலையாளத்தின் சம்விருதோகாரம் நம் குற்றியலுகரத்திற்கு இணையானது. பழைய அச்சில் சில இடங்களில் இதற்குக் குறியே இராது. எழுத்து அகரமேறியதுபோல் நிற்கும். வேறு சில இடங்களில் முழு உகரம் காணப்படும். இதைக்கொண்டு அக்காலப் பேச்சில் குறுகிய உகரம் இல்லை என்று முடிவு செய்தல் பொருந்தாது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு பழைய எழுத்தில் காட்டப்படாமையும் இத்தகையதே. வீரமாமுனிவரின் சீர்திருத்தத்திற்கு முந்திய தமிழ்ச் சுவடிகளைப் பயின்றோர்க்கு இது புதிதன்று. குற்றியலுகரத்திற்குப் புள்ளியிடும் வழக்கும் பழந்தமிழ் இலக்கண உரைகளில் பேசப்படுகிறது.

சந்திரக்கலை எனப்படும் பிறைக்குறி, குறுகிய உகரத்தைக் காட்ட 1847ஐ ஒட்டிக் குண்டர்ட்டின் தலைச்சேரி வெளியீடுகளில் தலைகாட்டுகிறது. அவ்வாண்டு தோன்றிய 'ராஜ்யசமாசாரம்' கல்லச்சில் வந்த இதழ் என்பது கருதத்தக்கது. கல்லச்சில் எழுத்து வார்க்க வேண்டுவதில்லை. எழுதுபவர் ஒரு பிறையை வரைந்தால் போதும். புதுக்குறி கோட்டயத்தில் அன்றித் தலைச்சேரியில் தோன்றியமைக்குக் குண்டர்ட்டின் மொழிப்புலமையோடு இவ்வசதியும் காரணமாகலாம் என்பது என் கருத்து. பின்னர் இப்பிறையே மெய்யெழுத்தைக் காட்டும் பொதுக்குறியுமாயிற்று.

மொழிபெயர்ப்பு ஆய்வாளர்க்கு வேறொரு சிக்கலும் உண்டு. பெய்லி திருவிதாங்கூரில் பணியாற்றியவர்; குண்டர்ட் வட மலபாரில். இருவர் நூல்களையும் ஒப்பிடுகையில் தென்படும் வேறுபாடு காலத்தால் வந்ததா, வட்டார வழக்கால் வந்ததா, அச்சு முறையால் வந்ததா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இதற்குக் கைகொடுப்பது 1872இல் மங்களூரில் வெளியான குண்டர்ட்டின் அகராதி. தலைச்சொற்களுக்கு உரோமன் எழுத்திலும் ஒலிபெயர்ப்புத் தரப்பட்டிருப்பதால், மலையாள எழுத்து மறைத்த ஒலியை அங்கே சரிபார்க்க இயலும்.